தேர்வு பயம்: எனக்கு நானே எழுதிய கேஸ் ஷீட்

பெண், வயது 34. தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 வருட நர்ஸ். முதன்மைப் புகார்: புத்தகத்தைத் திறந்தாலே வயிற்றைப் புரட்டுகிறது, ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் பிடிப்பதில்லை, தேர்வு அறையில் உட்கார்ந்தால் படித்தது எதுவும் நினைவுக்கு வருவதில்லை. எத்தனை நாளாக: ஏறக்குறைய மூன்று மாதம். முன்பு இருந்ததா: பள்ளிக்கூடத்தில், கணக்குப் பரீட்சைக்கு மட்டும். ஒவ்வாமை: இல்லை. ஆஸ்துமா: உண்டு, இன்ஹேலர் வைத்திருக்கிறார்.

நோயாளி நான்தான். முதுநிலைப் படிப்புக்காக ஜிஆர்இ என்கிற நுழைவுத் தேர்வை எழுதப் போய், முதல் தடவை சொதப்பி, பதினொரு வாரம் கழித்து மறுபடி எழுதினேன். கதையாகச் சொன்னால் எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொள்வேன் என்று பட்டது. அதனால் வார்டில் ஒரு நோயாளிக்கு எழுதுவதுபோல மதிப்பீடு, டயக்னோசிஸ், திட்டம், செய்தது, மறுமதிப்பீடு என்று எழுதிப் பார்த்தேன். அப்படி எழுதும்போதுதான் நான் முதலில் போட்ட டயக்னோசிஸே தப்பு என்று தெரிந்தது.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: இப்போது நிறைய நர்ஸிங் துறைகள் ஜிஆர்இ கேட்பதையே விட்டுவிட்டன. நான் சேர நினைத்த இடம் கேட்டது. அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், எழுதவே வேண்டாத பரீட்சைக்காகத் தூக்கம் கெட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் தடவை

2023 செப்டம்பரிலிருந்து இந்தத் தேர்வு சுருங்கிவிட்டது, மொத்தமே 1 மணி 58 நிமிடம்தான். முதலில் 30 நிமிடக் கட்டுரை, பிறகு வெர்பல் (ஆங்கில மொழித்திறன்) இரண்டு பகுதி, குவான்ட் (கணக்கு) இரண்டு பகுதி, நடுவில் இடைவேளை இல்லை. குவான்ட் முதல் பகுதியில் 12 கேள்விக்கு 21 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 26 நிமிடம். முதல் பகுதியில் எப்படிச் செய்கிறோமோ அதைப் பொறுத்து இரண்டாவது பகுதியின் கடினம் மாறும். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். தேர்வு அறையில் ஒன்றும் உதவவில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான் நைட் டூட்டி முடிந்திருந்தது. அன்று காலையில் காபி இரண்டு கப், அதுவும் கெட்டியாக. காத்திருக்கும் அறையில் கை தானாக மணிக்கட்டுக்குப் போனது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினேன், 128. வேறு யாராவது இதை எண்ணியிருப்பார்களா? படபடப்பாக இருக்கிறது என்று நினைத்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கோ அது டாக்கிகார்டியா, அளவுக்கு மீறிய இதயத் துடிப்பு. டாக்கிகார்டியா என்றால் என்னென்ன காரணம் என்று ஒரு பட்டியல், பட்டியலின் அடியில் இருக்கும் மோசமான பெயர்கள், அதை நினைத்ததும் மறுபடி எண்ணிப் பார்த்தால் 134. உடம்பில் தெரிவதை ஆபத்து என்று அர்த்தப்படுத்திக்கொள்வது, அதனால் உடம்பு இன்னும் துடிப்பது, அதைப் பார்த்து ஆபத்து உறுதியாகிவிட்டது என்று நம்புவது என்ற இந்தச் சுழலைத்தான் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் பேனிக், அதாவது திடீரென்று தாக்கும் பெரும்பீதி, பற்றிய தன் விளக்கத்தில் எழுதினார். நான் மானிட்டர் இல்லாமலேயே என்னை மானிட்டரில் போட்டுக்கொண்டேன்.

கட்டுரை ஏதோ போயிற்று. குவான்ட் முதல் பகுதியில் ஏழாவது கேள்வி: ஒரு பொருளின் விலையை 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் இறக்கினால் என்ன ஆகும் என்கிற ரகம். விடை வந்துவிட்டது, 4 சதவீதம் குறையும். சரிபார்த்தேன், அதே விடை. திரையில் இருக்கும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், அதே. அப்படியும் கேள்வியில் ஏதோ ஒரு சொல்லைத் தவறவிட்டிருப்பேன் என்று தோன்றி மறுபடி முதலிலிருந்து படித்தேன். தலை நிமிர்ந்து பார்த்தபோது ஐந்து நிமிடம்கூட மீதியில்லை, கேள்விகள் ஐந்து மீதி. அதில் நாலு கேள்விகளைக் காலியாகவே விட்டேன். தப்புக்கு மதிப்பெண் குறையாது என்று தெரிந்தும், ஏதாவது ஒன்றை அழுத்தக் கை வரவில்லை. தெரியாமல் ஒரு விடையைத் தேர்ந்தெடுப்பது அத்தனை அசிங்கமாக இருந்தது.

இரண்டாவது பகுதி வந்ததும் முதல் கேள்வி எளிதாக இருந்தது. உடனே "எளிதாகக் கொடுக்கிறார்கள் என்றால் முதல் பகுதி போய்விட்டது" என்று ஒரு கணக்குப் போட்டு, அந்தப் பகுதி முழுக்கக் கேள்விக்கு விடை தேடாமல் கேள்வி எவ்வளவு கடினம் என்று எடைபோட்டுக்கொண்டிருந்தேன். முடிவில் திரையில் தற்காலிக மதிப்பெண் வந்தது: வெர்பல் 150, குவான்ட் 144. ஒவ்வொன்றும் 130இலிருந்து 170 வரை போடுவார்கள். எனக்குக் குவான்டில் 150க்கு மேல் தேவைப்பட்டது.

மதிப்பீடு

முதலில் உடம்பு. பதற்றம் என்று எழுதும் முன் ஹீமோகுளோபின், தைராய்டு, ஈசிஜி பார்க்க வேண்டும். இதை ஒரு நோயாளிக்குச் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகாது, எனக்கே செய்துகொள்ள மூன்று வாரம் ஆனது. எல்லாம் சரியாக இருந்தது.

அடுத்து நடத்தை. இதை எழுதும்போதுதான் வெட்கமாக இருந்தது. தேர்வுக்கு முந்தைய ஆறு வாரத்தில் வார்டில் யார் லீவு கேட்டாலும் "நான் வருகிறேன்" என்று முதலில் கை தூக்கியது நான்தான். எல்லோரும் தங்கமான பெண் என்றார்கள். கணக்குப் பார்த்தால் படிக்க ஒதுக்கி வைத்திருந்த ஒன்பது நாளை இப்படித் தானம் செய்திருந்தேன். டூட்டியில் இருந்தால் படிக்காததற்கு யாரும் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லிக்கொள்ள மாட்டேன். நர்ஸாக இருப்பதில் தப்பித்து ஓடுவதற்கு இவ்வளவு மரியாதையான ஒரு வழி இருக்கிறது!

பயத்தின் அளவை வலிக்குக் கேட்பதுபோலவே 0 முதல் 10 வரை போட்டேன். புத்தகத்தை வெறுமனே புரட்டுவது 3. நேரம் வைத்து 12 கேள்வி போடுவது 7. தேர்வு அறை 9. நர்ஸிங் படித்தவர்களுக்கு ஹில்டகார்ட் பெப்லாவ் பெயர் நினைவிருக்கும், பதற்றத்தை லேசு, நடுத்தரம், தீவிரம், பேனிக் என்று நாலு படியாகப் பிரித்தவர். லேசான படியில் கவனம் கூர்மையாகும், நடுத்தரத்தில் பார்வை குறுகும், தீவிரத்தில் சிதறிய சின்னச் சின்ன விஷயங்கள் மட்டுமே கண்ணில் படும். ஏழாவது கேள்வியில் நான் இருந்தது மூன்றாவது படி. ஒரு சொல்லைத் தவறவிட்டேனா என்று தேடியவளுக்குக் கடிகாரம் கண்ணில் படவே இல்லை.

டயக்னோசிஸ், முதலில் தப்பாக

"பதற்றம், காரணம், கணக்கு வராது, சான்று, குவான்ட் 144." இப்படித்தான் எழுதினேன். எங்கள் பிரிவில் எனக்கு சீனியர் ஒருவர், நான் அக்கா என்று கூப்பிடுபவர், அதை வாங்கிப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையுறை டப்பாவின் மூடியைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினார்: 60 கிலோ, டோபமைன் 5 மைக்ரோகிராம், 200 மில்லிகிராம் 50 மில்லியில். ரத்த அழுத்தத்தை ஏற்றும் அந்த மருந்தைப் பம்ப் மணிக்கு எத்தனை மில்லி விட வேண்டும் என்கிற கணக்கு.

"எவ்வளவு ஓடும்?"

"4.5."

"எப்படி வந்துச்சு, சொல்லு."

நிமிடத்துக்கு ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்றால் 60 கிலோவுக்கு 300, மணிக்கு 18,000, அதாவது 18 மில்லிகிராம். சிரிஞ்சில் ஒரு மில்லிக்கு 4 மில்லிகிராம் இருக்கிறது. 18ஐ 4ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மில்லி.

"இதுதானே அந்தப் பரீட்சையிலும் கேக்கிறான்? விகிதம், அலகு மாத்தறது, வகுத்தல். வராதுன்னு எழுதாதே, வேற ஏதாவது எழுது" என்று சொல்லிவிட்டு அவர் ரவுண்ட்ஸுக்குப் போய்விட்டார்.

அந்த வார்த்தையில் உருகி என் பயம் பறந்துவிட்டது என்று எழுதினால் பொய். எனக்குத் தெரியாத கணக்குகளும் நிஜமாகவே இருந்தன: நிகழ்தகவு, அடுக்குகள், வரைபடத்தில் கோடுகள், திட்ட விலக்கம் என்றால் என்ன என்பதை மனசில் பார்ப்பது. முக்கோணவியலும் நுண்கணிதமும் ஜிஆர்இயில் வராது என்பது மட்டும் ஆறுதல். படிக்காத பாடத்துக்குப் பயப்படுவது நோய் அல்ல, அந்தப் பயம் சரியாகத்தான் வேலை செய்கிறது. தேர்வு பயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூச்சை இழு, விடு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள், பாதிப் பேருக்கு முதல் மருந்து அந்த அத்தியாயத்தை உட்கார்ந்து படிப்பதுதான். ஆனால் சதவீதக் கணக்கு எனக்குத் தெரியும். அதில்தான் நான் விழுந்தேன். அதற்குப் படிக்கவில்லை என்ற காரணம் பொருந்தாது.

அப்புறம்தான் ஒரு வேலை செய்தேன். 40 குவான்ட் கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நேரம் குறித்தேன்: விடை முதலில் கிடைத்த நேரம், அந்தக் கேள்வியை விட்டு நகர்ந்த நேரம். விடை கிடைத்த பிறகு சராசரியாக இன்னும் 50 நொடி அதிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த 50 நொடியில் விடையை மாற்றியது 40இல் மூன்று தடவை. அதில் ஒன்று சரியிலிருந்து தப்பாக மாறியது. ஒரு கேள்விக்குக் கிடைப்பதே 105 நொடி, அதில் பாதி இப்படிப் போய்க்கொண்டிருந்தது.

இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது லேபிளைப் பார், தயாரிக்கும்போது பார், கொடுக்கும் முன் பார். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின், பொட்டாசியம் போல அளவு தப்பினால் ஆபத்தான மருந்து என்றால் இன்னொருவரையும் கூப்பிட்டுத் தனியாகக் கணக்குப் போடச் சொல். இந்தப் பழக்கம் இல்லாத நர்ஸை நான் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டேன். முதல் வருடத்திலிருந்து எனக்குள் ஏற்றப்பட்டது ஒன்றுதான்: உறுதியாகத் தெரியாவிட்டால் செய்யாதே. ஆனால் ஜிஆர்இ உறுதியாகத் தெரியாததையும் ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டு நகரச் சொல்கிற பரீட்சை. அங்கே ஒரு தப்பு விடைக்கு யாரும் சாகமாட்டார்கள். இது என் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

நாலு தடவை ஒரு கவுன்சிலரிடம் போனேன். அவர் இதற்குப் பாதுகாப்பு நடத்தை என்று பெயர் சொன்னார். பயத்தைத் தணிக்கச் செய்கிற வேலை, அந்த நிமிடத்துக்குத் தணிக்கும், ஆனால் அது இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ளவே விடாது. சரிபார்த்ததால்தான் தப்பித்தேன் என்று ஒவ்வொரு தடவையும் நம்புவேன், அடுத்த தடவை இன்னும் அதிகமாகச் சரிபார்ப்பேன். ஒரு பக்கம் பயம் வளரும், இன்னொரு பக்கம் நேரம் தீரும், நேரம் தீருவதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறும்.

டயக்னோசிஸைத் திருத்தி எழுதினேன்: "பதற்றம்; காரணம், வார்டுக்கான சரிபார்க்கும் பழக்கத்தை நேரக் கட்டுப்பாடு உள்ள தேர்வுக்குக் கொண்டுபோனது, கூடவே சில பாடங்களைத் தவிர்த்தது; சான்று, விடை வந்த பிறகும் 50 நொடி, காலியாக விட்ட நாலு கேள்வி, தானம் செய்த ஒன்பது நாள்."

செய்தது, சரிவந்ததும் வராததும்

மூச்சுப் பயிற்சியில் ஆரம்பித்தேன், அது சுலபம் என்பதால். மெதுவாக, வெளியே விடும் மூச்சை நீளமாக்கி. நாடி இறங்கியது, மதிப்பெண் ஏறவில்லை. 1967இலேயே லீபர்ட், மோரிஸ் என்ற உளவியலாளர்கள் தேர்வுப் பதற்றத்தை இரண்டாகப் பிரித்தார்கள், உடம்பின் படபடப்பு ஒன்று, "போச்சு, எல்லாம் போச்சு" என்று தலைக்குள் ஓடும் கவலை இன்னொன்று. மதிப்பெண்ணைக் கெடுப்பதில் பெரிய பங்கு இரண்டாவதற்குத்தான். ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த படியைப் போட வேண்டிய இடத்தை அந்தக் கவலை பிடித்துக்கொள்கிறது. மூச்சு முதலாவதைத்தான் தொடுகிறது. விட்டுவிடவில்லை, ஆனால் அதை நம்பி இருக்கவும் இல்லை.

எழுதிப் பார்ப்பது என்று ஒன்று உண்டு. தேர்வுக்கு முன் 10 நிமிடம் மனசில் இருக்கும் பயத்தைக் காகிதத்தில் கொட்டினால் மதிப்பெண் கூடுகிறது என்று ராமிரெஸ், பெய்லாக் என்ற ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டார்கள், ரொம்பப் பிரபலமானது. ஆனால் பெரிய ஆய்வு இதழ்களில் வந்த 21 சோதனைகளை மறுபடி செய்து பார்த்து 2018இல் வெளியிட்டபோது, திரும்பக் கிடைக்காத முடிவுகளில் இதுவும் ஒன்று. நானும் செய்து பார்த்தேன். மதிப்பெண்ணுக்கு என்ன செய்தது என்று சொல்ல முடியாது, ஆனால் நாலு நாள் எழுதியதைத் திருப்பிப் படித்தபோது கணக்கைப் பற்றி இரண்டு வரிதான் இருந்தது, மீதியெல்லாம் "எல்லோருக்கும் தெரிந்துவிடும்" என்பதன் வெவ்வேறு வடிவம். முதல் தடவை எழுதப் போவதை வார்டு முழுக்கச் சொல்லியிருந்தேன். இரண்டாவது தடவை அக்காவுக்கும், டூட்டி போடும் இன்சார்ஜ் சிஸ்டருக்கும் மட்டும் சொன்னேன். இவ்வளவு சின்ன விஷயம் இவ்வளவு பாரத்தை இறக்கும் என்று நினைக்கவில்லை.

படபடப்பைப் பகையாகப் பார்க்காமல் இருப்பது பற்றிய ஒரு ஆய்வு நேராக ஜிஆர்இயையே எடுத்துக்கொண்டது. ஜெரமி ஜேமிசனும் உடன் செய்தவர்களும் 2010இல் வெளியிட்டது: ஜிஆர்இக்குத் தயாராகும் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், பதற்றமான உடம்பு தேர்வில் நன்றாகச் செய்யவும் உதவக்கூடும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவர்கள் கணக்குப் பகுதியில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள், பிறகு எழுதிய நிஜத் தேர்விலும்கூட. நான் இதை எனக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொண்டேன். கோட் ப்ளூ, அதாவது ஒரு நோயாளியின் இதயம் நின்றுவிட்டது என்கிற அவசர அழைப்பு, என்றதும் ஓடும்போது என் இதயம் எப்படி அடிக்கிறது? அதே 130தான். அங்கே நான் நாடியை எண்ணுவதில்லை, ஏனென்றால் கைக்கு வேலை இருக்கிறது. ஆகவே விதி ஒன்றே ஒன்று: என் மணிக்கட்டை நான் தொடக் கூடாது.

நடுவில் ஒருவர் படபடப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனோலால் மாத்திரை இரண்டைக் கையில் வைத்து, "நானும் போட்டுத்தான் எழுதினேன்" என்றார். நல்ல மனசோடுதான். ஆஸ்துமாக்காரிக்கு அந்த மாத்திரை மூச்சுக் குழலை இறுக்கிவிடும் என்பது எனக்கும் அவருக்கும் தெரிந்த விஷயம், அந்த நேரத்தில் இருவருக்குமே அது தோன்றவில்லை. வாங்கிப் பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. மருந்து கையருகில் இருப்பதால் நாமே டாக்டராகிவிடும் இந்தப் பழக்கத்தை நம் ஆட்கள் விட வேண்டும்.

உண்மையில் வேலை செய்தது சரிபார்ப்பதை நிறுத்திய பயிற்சிதான், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் வாரம் மூன்றே மூன்று கேள்வி. விடை வந்ததும் அடுத்ததை அழுத்த வேண்டும், திரும்பக் கூடாது. கேட்டால் சிரிப்பு வரும், எனக்கு வியர்த்தது, பயம் 8 என்று குறித்திருக்கிறேன். மூன்றாவது நாள் 6. பிறகு ஆறு கேள்வி, பிறகு 12. பிறகு கவுன்சிலர் ஒரு வேலை கொடுத்தார், அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்: 12 கேள்விகளில் ஒன்றுக்கு, விடை தெரிந்தும் வேண்டுமென்றே தப்பை அழுத்திவிட்டு மீதியைச் செய்ய வேண்டும். நாலாவது கேள்வியில் 15 என்று தெரிந்து 18ஐ அழுத்தினேன். அடுத்த இரண்டு கேள்வியில் மனசு நாலாவதிலேயே நின்றது, பேனாவைக் கீழே வைக்கலாமா என்றிருந்தது. எட்டாவது கேள்வி ஒரு வட்டத்துக்குள் சதுரம், அதைப் போடும்போது நாலாவது மறந்துவிட்டது. நிஜமாகவே மறந்துவிட்டது. முடித்துவிட்டுத் திருத்தும்போதுதான் அந்த 18ஐப் பார்த்து, ஆமாம் இல்லையா என்று நினைத்தேன்.

அரை நிமிடத்தில் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியாத கேள்விக்கு ஏதோ ஒரு விடையை அழுத்தி, குறியிட்டு வைத்துவிட்டு நகர்வது அடுத்த படி. ஜிஆர்இயில் ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், குறியிட்டதைத் திரும்ப வந்து பார்க்கலாம். ட்ரையாஜ், அதாவது யாரை முதலில் கவனிப்பது என்று பிரிப்பது, செய்யத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பேருந்து கவிழ்ந்து இருபது பேர் ஒரே நேரத்தில் வந்தால் முதல் படுக்கையிலேயே அரை மணி நேரம் நிற்கிற நர்ஸ் இருக்கிறாளா? ஆனால் கேள்வியை நோயாளியாகப் பார்த்துக்கொண்டிருந்தவரை, விட்டுவிட்டுப் போவது கைவிடுவதுபோல இருந்தது.

படிப்பு முறையும் மாறியது. நைட் டூட்டி முடிந்து வந்து காலை எட்டரைக்குப் படிக்க உட்கார்வேன், ஒரே பத்தியை நாலு தடவை படித்துவிட்டு எனக்கு மூளை மழுங்கிவிட்டது என்று அழுவேன். மூளை மழுங்கவில்லை, 24 மணி நேரமாக விழித்திருந்தது. அதை விட்டுவிட்டு ஈவ்னிங் ஷிஃப்டுக்கு முன் 40 நிமிடம் என்று வைத்தேன், நைட் வாரத்தில் புத்தகமே கிடையாது. அந்த 40 நிமிடத்திலும் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படிப்பதை நிறுத்தினேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் காட்டியது இதுதான்: ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னே நிற்கிறார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னே. பயந்தவர்களுக்குத் திரும்பப் படிப்பது பிடிக்கும், எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். அந்தத் தெரிந்ததுபோல இருப்பதுதான் தேர்வு அறையில் காலை வாரும்.

தப்பான கேள்விகளுக்கு ஒரு நோட்டு. வார்டில் சம்பவ அறிக்கை எழுதுவதுபோல, யார் தப்பு என்று எழுதாமல் என்ன நடந்தது என்று மட்டும். காரணம் என்ற இடத்தில் "கவனக்குறைவு" என்று எழுதக் கூடாது என்று எனக்கு நானே தடை போட்டேன். "இரண்டு எண்களில் ஒன்று மைனஸாக இருக்கலாம் என்று பார்க்கவில்லை" என்று எழுதினால் அடுத்த தடவை எங்கே பார்ப்பது என்று தெரியும். ஒரு மாதத்தில் மைனஸும் பூஜ்யமும் மட்டும் 11 தடவை வந்திருந்தன. ஒரு முழுப் பாடமே பயமாக இருந்தது சுருங்கி இரண்டு பழக்கமாகிவிட்டது.

ஜிஆர்இயை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் பவர்ப்ரெப் மாதிரித் தேர்வு இரண்டையும் கடைசிவரை சேமித்து வைத்து, ஒன்றைத் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பும் இன்னொன்றைப் பத்து நாள் முன்பும், பழக்கமில்லாத ஒரு நூலகத்தில், தேர்வு நடக்கும் அதே காலை நேரத்தில் எழுதினேன். வீட்டில் எழுதினால் எனக்குப் பயமே வராது, பயம் வராத பயிற்சியில் பயத்தோடு எழுதப் பழக முடியாது.

இரண்டாவது தடவை

21 நாள் இடைவெளி விட்டால் மறுபடி எழுதலாம், 12 மாதத்துக்குள் ஐந்து தடவை வரை. மூன்று வாரத்திலேயே எழுதிவிடலாம் என்று முதலில் துடித்தேன், அதுவும் பயம்தான். பதினொரு வாரம் எடுத்துக்கொண்டேன். கடைசி ஐந்து ராத்திரிக்கு நைட் டூட்டி இல்லாமல் இன்சார்ஜ் சிஸ்டர் போட்டுக் கொடுத்தார், அதற்குப் பதிலாக அடுத்த மாதம் இரண்டு வாரம் தொடர்ந்து நைட். காபி வழக்கம்போல ஒரு கப். அதன் தாக்கம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், இரண்டாவது கப் தேர்வு முடிகிறவரை என்னோடு உட்கார்ந்திருக்கும்.

காத்திருக்கும் அறையில் கை மணிக்கட்டுக்குப் போனது. பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன். பயம் 8, குறைந்தபாடில்லை. பதினொரு வாரம் பாடுபட்டும் 8தானா என்று ஒரு எரிச்சல் வந்தது, அந்த எரிச்சல் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

குவான்ட் முதல் பகுதியில் ஐந்தாவது கேள்வி, அடுக்குகளை வைத்து இரண்டு அளவுகளை ஒப்பிடச் சொல்கிற கேள்வி. படித்தேன், புரியவில்லை, இன்னொரு தடவை படித்தேன், எழுத்துக்கள் மட்டும் தெரிந்தன. அந்தப் பழைய குளிர் தோளிலிருந்து கைக்கு இறங்கியது. பாதத்தைத் தரையில் அழுத்தி, ஒரே ஒரு நீண்ட மூச்சை வெளியே விட்டு, மூன்றாவது விடையை அழுத்தி, குறியிட்டு, அடுத்ததுக்குப் போனேன். ஆறாவது சதவீதக் கணக்கு. விடை வந்தது. சரிபார்க்கலாமா என்று கை கால்குலேட்டர் பக்கம் போனது, விடவில்லை. பன்னிரண்டும் முடிந்து இரண்டு நிமிடம் மீதி இருந்தபோது ஐந்தாவதுக்குத் திரும்பினேன். அப்போதும் புரியவில்லை. சரி, போகட்டும்.

இரண்டாவது பகுதி எளிதாக இருந்ததா கடினமாக இருந்ததா என்று இப்போது கேட்டால் தெரியாது. நடுவில் ஓரிடத்தில் எனக்குள் ஒரு குரல் எடைபோட ஆரம்பித்தது, "அது உன் டூட்டி இல்லை" என்றேன், அக்கா பேசுவதுபோல.

குவான்ட் 154, வெர்பல் 154. இதைப் பார்த்து மயங்கி விழ யாரும் இல்லை, ஆனால் எனக்குத் தேவையானது இருந்தது.

மறுமதிப்பீடு

தூக்கம் சரியாகிவிட்டது. பயம் போகவில்லை, அடுத்த பரீட்சை வந்தால் 7இல் ஆரம்பிக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் 7 இருக்கும்போதும் கை வேலை செய்யும் என்று இப்போது கைக்குத் தெரியும். எக்ஸ்ட்ரா டூட்டிக்குக் கை தூக்குவது பாதியாகக் குறைந்திருக்கிறது, தங்கமான பெண் பட்டம் வேறு ஒருத்திக்குப் போய்விட்டது. எந்த முறை எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தேன், நோயாளியும் ஒருத்திதான். வற்புறுத்திக் கேட்டால், சரிபார்ப்பதை விட்டது முதலிடம், ஊருக்குச் சொல்லாமல் இருந்தது இரண்டாமிடம் என்பேன்.

தேர்வு முடிந்த மறுநாள் டூட்டி. முதல் வேலையே ஒரு ஹெபாரின் இன்ஃப்யூஷன். புதிதாக வந்த பெண் சிரிஞ்சை நீட்டி, "நான் பார்த்துட்டேன் சிஸ்டர், நீங்க ஒரு தடவை பார்த்தாப் போதும்" என்றாள். லேபிளைப் படித்தேன். கணக்கைத் தனியாகப் போட்டேன். பம்பில் வைக்கும் முன் மறுபடி லேபிளைப் படித்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், நான் பார்க்கவில்லை.